தபால் கார்டு யுத்தம்

யுத்தம் என்றால் பீரங்கியும் குண்டும்தானா? காகிதத்தைக் கொண்டும் யுத்தம் நடத்தலாம், நேயர்களே! இரண்டாவது உலக மகா யுத்தத்தில் அமெரிக்கர்கள், ஜப்பானியச் சிப்பாய்களின் தலைக்கு மேல் விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களை மழையாகப் பொழிந்தார்கள். முதலில் அவற்றில் "நான் சரணடைகிறேன்" என்று அச்சிட்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவனைச் சுடமாட்டோம் என்று அர்த்தம். ஆனால், லேசில் யாரும் வரவில்லை. கைதியாகி அவமானப்பட்டு உயிர் வாழாதே என்று 1941-ல் டோஜோவின் பெயரால் போட்ட கட்டளை அவர்கள் நெஞ்சில் ஊறியிருந்தது. பிறகு யாருக்கோ நல்ல யோசனை தோன்றிற்று. "சரணடைகிறேன்" என்பதை எடுத்துவிட்டு, "எதிர்ப்பை நிறுத்திக்கொள்கிறேன்" என்று போட்டார்கள். விஷயம் ஒன்றேதான்; ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! நம் வீட்டுச் சண்டையில்கூட, "தோற்றேன்" என்று சொல்ல வராத வாய், "சரி, போகட்டும் விடு" என்று சொல்லிவிடுகிறதல்லவா?

இதைவிட என் மனத்தில் தைத்தது வேறொன்று.

எலிசபெத் மக்டொனால்டு என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி. பத்திரிகை நிருபராக இருந்தவர். யுத்த காலத்தில் உளவு இலாகாவில் சேர்ந்து, நம் டில்லிக்கே வந்து வேலை பார்த்தார். பர்மாக் காடுகளிலிருந்து ஜப்பானியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய சுமார் 500 தபால் கார்டுகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. ராணுவத் தணிக்கை முடிந்து முத்திரையும் விழுந்த கார்டுகள். அவரும் அவருடைய சகாக்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுதியிருந்ததை அழித்துவிட்டு, சோறில்லை, உதவி இல்லை, காட்டில் கிடந்து சாகிறோம் என்ற பாவனையில் வேறு எழுதி, மறுபடியும் தபாலில் சேர்த்துவிட்டார்கள்!

கெட்டிக்காரத்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கார்டு போய்ச் சேர்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளை போருக்குக் கிளம்பும்போது, தெருமுனையில் நின்று, போகிற வருகிற பெண்களையெல்லாம் ஆளுக்கு ஒரு தையல் போடச் சொல்லி, ஆயிரம் தையலிட்ட துணியை அவன் இடுப்பில் கட்டி அனுப்புவது அந்த நாட்டுத் தாய்மாரின் வழக்கமாக இருந்தது. அப்படி ஒருத்தி, வாசலில் தபால்காரரைக் கண்டு ஓடி வருகிறாள்.

இதில் இன்னொரு கொடுமை. 1944-ல் இம்பாலில் தோற்றுப் பின்வாங்கிய ஜப்பானியப் படையில் ஆயிரக்கணக்கானவர்கள் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டார்கள். தணிக்கைக்குப் பயந்து "சௌக்கியம்" என்று பிள்ளை எழுதியிருந்தால் அதுதான் பொய்; எதிரி எழுதியதே நிஜத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. இரண்டில் எந்தக் கார்டை அந்த அம்மாளிடம் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.