கடற்கரைப் பள்ளியில் ஆசிரியர் யார்?

தொண்டு என்னும் சொல் ஒலிக்காத கல்லூரி இன்று இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களும் கடற்கரைத் தூய்மைப் பணிகளும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அவற்றின் நிழற்படங்கள் மலர்களை அணிசெய்கின்றன. இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. எனினும், சுற்றுலாவால் மாறிவரும் ஒரு கடற்கரைச் சமுதாயத்திற்குச் சூழலியல் கல்வி அளிக்கச் செல்லும் நம் இளைஞர்கள் அங்கே எதைச் சொல்கிறார்கள், எந்த மொழியில் சொல்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். இராமேசுவரம் திருக்கோயிலை நாடியும் ஏர்வாடி தர்காவை நாடியும் மக்கள் வந்து குவியும் கரை இது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017இல் புதிய சாலை திறக்கப்பட்ட பின், அரிச்சல்முனை வரை ஊர்திகள் செல்கின்றன. இக்கரையை ஒட்டித்தான் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பெற்றது. அத்தீவுகளுள் இரண்டு, பவளப் பாறைகளை வெட்டியெடுத்தமையால் நீரில் மூழ்கிவிட்டன. ஆதலின் இங்குச் சூழலியல் கல்வி இன்றியமையாதது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் யாருக்கு யார் கற்பிப்பது? பாம்பன் பகுதிப் பெண்கள் நெடுங்காலமாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்துவருபவர்கள். பூங்கா அமைந்தபின், அவர்களின் வாழ்வாதாரமே தடைக்குள்ளாயிற்று. அந்நிலையிலும் அவர்கள் தமக்குள் கூடிப் பேசி, பாசி எடுக்கும் நாள்களைத் தாமே குறைத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, 2015இல் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் பரிசினைப் பெற்றார். இத்தகையோர் முன் நின்று, 'கடலைக் காப்பாற்றுங்கள்' என்று அரைமணி நேரம் சொற்பொழிவாற்றித் திரும்பும் இளைஞன், கல்வியைக் கொடுத்தவனாகான். கரைமக்கள் உள்ளத்தில் 'பாதுகாப்பு' என்னும் சொல்லின்மீதே கசப்பை விதைத்தவனாவான். அக்கசப்பு வேரூன்றிவிட்டால் எந்தச் சட்டமும் அக்கடலைக் காவாது என்பது நம் கருத்து.

இங்கேதான் தமிழ் மாணவர்க்கு உரிய இடம் இருக்கிறது. துண்டு வெளியீடுகளில் 'கடற்பசு' என்று அச்சிடுகிறோம். கரைமக்களோ அதனை 'ஆவுளியா' என்பர். நாம் பொதுவாக 'ஆமை' என்பதை அவர்கள் பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என வகைபிரித்து அறிவர். பங்குனித் திங்களின் பெயரைத் தாங்கிய ஓர் ஆமையின் பெயரிலேயே ஒரு பருவத்தின் அறிவு பொதிந்துள்ளது. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எனக் காற்றுக்குப் பெயரிட்ட மக்களிடம், காலநிலை பற்றிப் பேசுமுன் செவிமடுத்தல் நம் கடனாகும். நெய்தல் திணையை வகுப்பறையில் விரித்துரைக்கும் நாம், இன்றும் வாழ்கின்ற நெய்தல் நில வழக்கை அறியாதிருத்தல் எவ்வாறு முறையாகும்?

கற்பிக்கவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கற்பிக்கப்பட வேண்டியோர் பலர் உளர். அவர்களுள் முதல்வர் வந்து போகின்ற நாமே. ஞெகிழிப் பையைக் கரையில் எறிபவர் பெரும்பாலும் விருந்தினராக வந்தவரே. நீரில் மிதக்கும் அப்பையைச் சொறி என எண்ணி ஆமை விழுங்குகிறது. பவளத்தை விலைக்குக் கேட்பவர் இருப்பதனாலன்றோ அதனை விற்பவர் இருக்கிறார்? விடுதிகளின் இரவு விளக்கொளியால், முட்டையிலிருந்து வெளிப்பட்ட ஆமைக்குஞ்சுகள் கடலை விட்டு நிலத்தை நோக்கித் தவழ்ந்து மடிகின்றன. எனவே விடுதியாளர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், படகோட்டி ஆகிய அனைவரோடும் உரையாடுதல் தொண்டரின் பணியாகும்.

அப்பணிக்குத் தொடர்ச்சியே உயிர். சென்னையில் 1988இல் தொடங்கப்பெற்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகின்றனர். பொதுமக்களையும் உடனழைத்துச் செல்கின்றனர். ஒருநாள் முகாம்களால் இயலாததை அந்தக் கால்நடை செய்துகாட்டியுள்ளது.

நம் துறைகள் மேற்கொள்ளத்தக்க வழி ஒன்றுண்டு. ஒரு துறை ஒரு கடற்கரை ஊரைத் தேர்ந்துகொள்ளட்டும். முதலாண்டில் மாணவர்கள் அவ்வூர் முதியோரிடமும் பெண்களிடமும் மீன், பாசி, காற்று, பார் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கட்டும். அடுத்த ஆண்டில் அச்சொற்களைக் கொண்டே பள்ளிச் சிறார்க்கு ஒரு கையேடும், சுற்றுலாப் பயணியர்க்கு அறிவிப்புப் பலகைகளும் ஆக்கட்டும். விலங்கியல் துறையினர் அவற்றின் அறிவியல் செம்மையைச் சரிபார்க்கட்டும். மூன்றாம் ஆண்டில் அவ்வூர் இளைஞரே பயணியர்க்குத் தம் கடலைப் பற்றி எடுத்துரைக்கும் நிலை வரட்டும். சமுதாயப் பெரியோர்கள் இதற்கு வேண்டிய பொருளுதவி நல்கினால், அது கட்டடக் கொடைக்குச் சற்றும் குறைந்ததன்று.

மாணவச் செல்வங்களே! கரைக்குச் செல்லுங்கள், ஒலிபெருக்கியை விடுத்து ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். அதன் முதற்பக்கத்தில் எழுதப்படும் சொல் அம்மக்கள் உங்களுக்குத் தந்த சொல்லாக இருக்கட்டும்.