பையத் தின்றால் பனையையும் தின்னலாம்!



போன வாரம் நம் பசுமைப் படைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நவம்பர் 1 உலக வீகன் தினம். அன்றைக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுக்கணும், மறுநாளிலிருந்தே பால், தயிர், நெய், முட்டை, மீன், கறி எல்லாத்தையும் விட்டுடணும் என்று சிலர் சொன்னார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. "அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கறியை மட்டுமல்ல, பால், முட்டையையும் தொடாதவர்களுக்கு 'வீகன்' என்று பேர் வைத்தார்கள். தமிழில் இதை 'நனிசைவம்' என்கிறார்கள். உரிச்சொல் பாடத்தில் வருகிற அதே 'நனி'தான்! கறி வேண்டாம் என்பது நமக்குப் புதுசு இல்லை. திருவள்ளுவர் 'புலால் மறுத்தல்' என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். வடலூரில் 1867-ல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரும் இதைத்தான் சொன்னார். பால் வேண்டாம் என்பதுதான் நமக்குப் புதுசு.

பாலில் என்ன பாவம் என்று கேட்கிறீர்களா? மாடு கன்று போட்டால்தான் பால் கறக்கும். பிறப்பது கிடாரிக் கன்று என்றால் வீட்டில் கொண்டாட்டம். காளைக் கன்று என்றால்? முன்பு ஏர் உழுதது, வண்டி இழுத்தது. இப்போது டிராக்டர் வந்துவிட்டது. அது விலைக்குப் போகிறது. எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாதா என்ன? முட்டைக் கோழி இனத்திலும் இதே கதைதான். சேவல் குஞ்சு முட்டை இடாது என்பதால் பொரித்த அன்றைக்கே கொன்றுவிடுகிறார்கள். மனிதர்களால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் கணக்கு சொன்னது. ஆகவே வீகன் நண்பர்கள் சொல்லும் காரணத்தை யாரும் கேலி செய்ய முடியாது.

ஆனால் ஒரே ராத்திரியில் மாறணும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, நம் உடம்பு. நாம் வளரும் பிள்ளைகள். பி12 என்ற வைட்டமின் செடி கொடிகளிலிருந்து நம்பும்படி கிடைப்பதில்லை. பால், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நினைப்போம். மாதங்கள், வருஷங்கள் கழித்து இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வந்து நிற்கும். முழுசாக மாறுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு பி12 மாத்திரையோ, அது சேர்த்த உணவோ எடுத்தே ஆகவேண்டும்.

இரண்டு, நம் அம்மாக்கள். விடிவதற்கு முன்னே எழுந்து அடுப்பு மூட்டுகிற அம்மாவிடம், "நாளையிலிருந்து எனக்குத் தனிச் சாப்பாடு" என்றால் அந்த பாரம் யார் தலையில் விழும்? உறுதிமொழி எடுப்பது நாம், உழைப்பது அவங்களா?

மூன்றுதான் முக்கியம். சத்துணவு. 1956-ல் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. பிறகு அதில் முட்டையும் சேர்ந்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தரும் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 1 கிராம்தான். நம் பள்ளியில் அந்த ஒரு முட்டைக்காகக் காத்திருக்கிற தம்பி தங்கைகள் எத்தனை பேர்! எல்லோர் முன்னாலும் "முட்டை தின்பது கொடுமை" என்று உறுதிமொழி எடுத்தால், மதியம் அந்தப் பிள்ளை தட்டை எப்படி நீட்டும்? கூச்சப்பட்டு ஒதுக்கிவிட்டால் அதற்கு ஈடாக நாம் என்ன தரப்போகிறோம்? பால் சொசைட்டியில் வாங்கும் பணத்தில்தான் நோட்டு, பேனா வாங்குகிற நண்பர்களும் நம்மிடையே உண்டு. கோழி மேல் காட்டும் இரக்கம் கூடப் படிக்கிறவன் மேலும் இருக்கணும் இல்லையா?

சரி, அப்போ என்னதான் செய்யலாம்? என் யோசனை இதுதான்: முதலில் சேர்ப்போம், பிறகு விடுவோம்.

நம் ஊர்ச் சாப்பாட்டை ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, ரசம், பொரியல், அடை, சுண்டல், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம். நெய் விடாவிட்டால் இதில் எங்கே பால்? நாம் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டோம்!

முதல் மாதம் எதையும் நிறுத்த வேண்டாம். கேழ்வரகையும் எள்ளையும் நிலக்கடலையையும் தட்டில் சேருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120தான். கேழ்வரகில் இருப்பது முழுசும் உடம்பில் ஒட்டாது என்றாலும் லேசுப்பட்டது இல்லை. நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். சோறும் பருப்பும் சேர்ந்தே இருக்கட்டும். அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் கிடைக்கும்.

இரண்டாம் மாதம் வாரத்தில் ஒரு நாள் முழுக்க நனிசைவம். மூன்றாம் மாதம் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய், சாயந்திர டீக்குப் பதில் கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காபி. பிறகு கறி, மீனைக் குறைக்கலாம். முட்டையும் தயிரும் கடைசியில்தான். அதுவும் வீட்டில் சம்மதம் வாங்கி, டாக்டரிடம் பி12 பற்றிக் கேட்ட பிறகு. நடுவில் ஏதாவது ஒரு படியோடு நின்றுகொண்டாலும் தப்பே இல்லை. அதுவரைக்கும் லாபம்தானே.

"கொஞ்சம் கொஞ்சமா என்று சொல்பவன் கடைசிவரை மாறமாட்டான்" என்று என் தோழி வாதாடினாள். அவள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் மாதக் கணக்கு சொல்கிறேன். நாள் குறிக்காத மாற்றம் வெறும் சாக்குப்போக்கு. ஆசைப்படுகிறவர்கள் ஒரு அட்டவணை எழுதி வீட்டுச் சமையலறையில் ஒட்டுங்கள். அம்மாவுக்குத் தேங்காய் துருவ, கடலை உரிக்க நீங்களே உட்காருங்கள். அதுதான் உண்மையான உறுதிமொழி.

பசுமைப் படைக்கு என் வேண்டுகோள். நவம்பர் 1 அன்று உறுதிமொழி வேண்டாம். அதற்குப் பதில் பள்ளி வளாகத்தில் பத்து முருங்கைக் கொம்பு நடுவோம். கேழ்வரகு, எள், கடலையில் என்ன சத்து என்று ஒரு பலகை எழுதி வைப்போம். விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுக்கட்டும். பேர் கொடுக்காதவர் தட்டைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சத்துணவில் முட்டைக்கு ஈடாக, அதே அளவு புரதம் தரும் பயறோ கடலையோ வாழைப்பழத்தோடு சேர்த்துத் தரச் சொல்லித் தலைமையாசிரியர் வழியாக மனுக் கொடுப்போம். அப்போது யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் மாறலாம்.

கைதட்டலில் எடுத்த முடிவு ஒரு வாரம் நிற்கும். அடுப்படியில் எடுத்த முடிவு ஆயுசுக்கும் நிற்கும். நீங்க என்ன நினைக்கிறீங்க? பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது. மறுத்து எழுத நினைப்பவர்களும் தாராளமாக எழுதலாம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி