சஸ்பென்ஷனும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

முதல்லயே சொல்லிடறேன், நான் படிக்கறது பி.காம். "உனக்கெதுக்குடா கார் சமாச்சாரம்?"னு கேக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கேளுங்க.

அமெரிக்காவுல பழைய மசில் கார் வச்சிருக்கறவங்கள்ல ஒரு கோஷ்டி இருக்கு. 1968 டாட்ஜ் சார்ஜர் கையில கிடைச்சா போதும், அடியில படுத்து ரெண்டு போல்ட்டைத் திருகி மூக்கைத் தரையோட ஒட்ட வச்சுடுவாங்க. போட்டோவுல பதுங்கற புலி மாதிரி இருக்கும். ரோட்டுல?

கிரைஸ்லர் 1957 மாடல்கள்லேர்ந்து முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் வைக்காம, டார்ஷன் பார்ங்கற நீளமான எஃகுக் கம்பியை வச்சாங்க. சக்கரம் மேல ஏறினா கம்பி முறுக்கிக்கும். அந்த முறுக்குதான் ஸ்பிரிங். லோயர் கன்ட்ரோல் ஆர்ம்ல இருக்கற போல்ட்டை இறுக்கினா முன்பக்கம் உயரும், தளர்த்தினா இறங்கும். ஆனா கம்பியோட விறைப்பு மாறாது. அப்போ மூக்கை இறக்கினா என்ன ஆகும்? அதே விறைப்பு, சக்கரம் மேல ஏற இடம் மட்டும் கம்மி. பள்ளத்துல விழுந்தா நேரா ரப்பர் ஸ்டாப்புல போய் இடிக்கும். கேம்பர், காஸ்டர், டோனு சக்கரக் கோணம் எல்லாமே மாறிடும்.

"ஷெல்பியே இறக்கினாரே"ம்பாங்க. ஐயா, 1965 ஜி.டி.350-ல அப்பர் கன்ட்ரோல் ஆர்மை மாட்டற இடத்தையே 1 அங்குலம் இறக்கினாங்க. அது வளைவுல டயர் ஒழுங்கா பதியணும்னு கணக்குப் போட்டுச் செஞ்சது, போட்டோவுக்காக இல்ல. செவெல் கார்ல சுருளையே வெட்டறவங்க இன்னும் மோசம். போல்ட்டையாவது திரும்பத் திருகலாம், வெட்டின சுருள் ஒட்டுமா?

இப்போ என் சப்ஜெக்ட்டுக்கு வர்றேன். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம். தப்பைக் கண்டுபிடிக்கற வரைக்கும்தான். அதையே நிரந்தரமா விட்டுட்டுக் கணக்கு முடிஞ்சதுன்னா அது ஏமாத்து வேலை. ஒரு பக்கம் தொங்கற வண்டிக்குக் காரணம் தேஞ்ச புஷ்ஷா இருக்கலாம், பின்னாடி தளர்ந்த லீஃப் ஸ்பிரிங்கா இருக்கலாம். அதைப் பார்க்காம போல்ட்டைத் திருகினா கண்ணுக்கு டேலி ஆகும். தப்பு அங்கேயேதான் இருக்கும்.

ஒழுங்கா செய்யறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல. சமதளத்துல நிறுத்தி, டயர் காத்து சரிபார்த்து, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு அளக்கணும். ஃபெண்டர் விளிம்புல அளக்காதீங்க, அம்பது வருஷத்துல அது எத்தனை இடி வாங்குச்சோ! அடியில, பால் ஜாயிண்ட்டுக்கும் போல்ட் தாங்கற பிளேடுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைத்தான் கம்பெனி மேனுவல் கேக்குது. ரெண்டு பக்கமும் 1/8 அங்குலத்துக்குள்ள ஒத்துப் போகணும். உயர்த்தறதா இருந்தா ஜாக் போட்டு பாரத்தை எடுத்துட்டுத் திருகுங்க, இல்லைன்னா மரை போயிடும். கடைசியா அலைன்மெண்ட். அதைச் செய்யாம விட்டா மத்ததெல்லாம் வீண்.

வண்டி உங்களோடதுதான், இல்லைங்கல. எதிர்ல வர்றவன் உயிர் உங்களோடது இல்ல.

டிஸ்கி: என்கிட்ட இருக்கறது சைக்கிள். அதுலயும் சீட்டை இறக்கறதுக்கு முன்னாடி யோசிப்பேன்.