பதில் வந்தால் போதுமா?

காட்டுப்பள்ளிக் கரையில் வாழும் நமக்குக் கடலின் செய்தியே வாழ்வின் செய்தி அன்றோ? ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அச்செய்தியைக் கேட்டு வாங்கும் புரோகிராமை நாளை நம்மில் ஒருத்தி எழுதக்கூடும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் செய்தி கேட்கும் முறை முன்பு இடத்துக்கு இடம் வேறாயிருந்தது. உலாவியில் ஒன்று, சர்வரில் இயங்கும் நோட் சூழலில் மற்றொன்று. ‘ஃபெட்ச்’ என்னும் பொதுமுறை 2015இல் குரோம் உலாவிக்கு வந்தது; 2020இல் வெளிவந்த டெனோவின் முதற்பதிப்பிலும் இருந்தது; 2022இல் நோட் 18லும் இடம் பெற்றது.

பெயர் ஒன்றானதால் நடத்தையும் ஒன்றாகுமா? ஆகாது. பிற தளத்தின் பதிலைப் படிக்க உலாவி அத்தளத்தின் இசைவைப் பார்க்கும், நோட் பார்ப்பதில்லை. எங்கும் பொதுவான ஆபத்து ஒன்றும் உண்டு. 404, 500 என்னும் பிழை எண்ணோடு வரும் பதிலை ஃபெட்ச் தோல்வியாகக் கருதாது. ‘ஓகே’ என்னும் குறியை நாமே சோதிக்க வேண்டும். சோதிக்காவிட்டால், எச்சரிக்கை கிடைக்காததையே எச்சரிக்கை இல்லை என்று புரோகிராம் காட்டிவிடும். அதை நம்பி நம் தந்தையர் படகைத் தள்ளுவர்.

ஆகவே தோழியரே, கேட்கக் கற்பதோடு நில்லாமல், வந்த பதிலைச் சோதிக்கவும் கற்போம். தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று உண்மை சொல்லும் புரோகிராமே நமக்கு வேண்டும்.