வேடத்துக்குக் கும்பிடு, மனிதருக்கு ஏளனமா?

பக்தி வேடம் என்றவுடன் தமிழர் நினைவில் நிற்பவர் கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் 1908-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடக மேடையில் வளர்ந்தவர். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! 1953-இல் 'ஔவையார்' வந்தபின், ஔவை என்றாலே அவர் முகம்தான்.

இதைத் தெய்வ அருள் என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடிப் பழகிய உழைப்பின் பயன் அது. அந்த உழைப்பாளியை நாடும் மதித்தது. 1951-இல் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலைமை என்ன? திரௌபதி அம்மன் திருவிழாவில், விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். கிருஷ்ணர் வேடம் வந்தால் கற்பூரம் ஏற்றுகிறோம். பொழுது விடிந்து அரிதாரம் கலைந்ததும், அதே மனிதர் நமக்கு வெறும் 'கூத்தாடி'! இரவில் கும்பிட்ட கை பகலில் ஒரு நாற்காலி எடுத்துப் போடக் கூசுகிறது. இது பக்தியா? வேடத்தை மட்டும் வணங்குவது கலையை மதிப்பதாகாது.

பட்டம் பெறப்போகும் நாமாவது இதை மாற்ற வேண்டாமா? நம் கல்லூரி ஆண்டு விழாவில் ஒரு கூத்து வாத்தியாரைச் சிறப்பு விருந்தினராக அமர்த்துவோம். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சிந்திப்பார்களாக!