பெயரை மாற்றினால் தொழிலாளி இல்லாமல் போவாரா?



நாம் மலைக்குப் போவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போகிற இன்னொரு கூட்டம் உண்டு. பத்திரிகைக் கட்டு லொறியில் வந்து இறங்கும் இடத்தில் இருட்டோடு காத்திருந்து, எண்ணி எடுத்து, மடித்து, மழை என்றால் உறையில் போட்டு, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள். ஒரு நாள் வராவிட்டால்தான் அவர்களை நாம் நினைக்கிறோம். வழியில் விழுந்து கால் முறிந்தால் செலவு யாருடையது, பத்து வருடம் வேலை செய்த பின் கையில் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "அவர் எங்கள் தொழிலாளி இல்லை, கொமிஷனுக்கு வேலை செய்கிறவர்" என்ற பதில் பல நாடுகளில் தயாராக இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் இவர்களுடைய கதையை ஏன் எழுதுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் மற்ற நகரங்களுக்கும் போன நமது பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட விநியோக வேலைகளில்தான் இருக்கிறார்கள். அதோடு, பத்திரிகை போடுகிறவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்லப் பயன்பட்ட அதே தந்திரம் இன்று நமது மலைகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சண்டையை முதலில் பெரிதாக நடத்தியவர்கள் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பத்திரிகை விற்பனையாளர்கள். பத்திரிகைப் பையன்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஆனால் பெரும்பாலானோர் வளர்ந்த ஆண்கள், அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தியவர்கள். அவர்கள் சங்கம் அமைத்துப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோது பத்திரிகைக் கம்பெனிகள் மறுத்துவிட்டன. "இவர்கள் எங்களிடம் பத்திரிகை வாங்கி விற்கும் சுயதொழில்காரர்கள். சுயதொழில்காரருக்கு ஏது சங்கம்?" என்பது அவர்களின் வாதம்.

வழக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போய் 1944 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் கடதாசியை விட்டு, வேலை நடந்த விதத்தைப் பார்த்தது. பத்திரிகையை எந்த விலைக்கு வாங்குவது, எந்த விலைக்கு விற்பது என்ற இரண்டையும் கம்பெனியே தீர்மானித்தது. ஆகவே நடுவில் கிடைக்கும் வருமானத்தையும் கம்பெனிதான் தீர்மானித்தது. எந்த மூலையில் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எத்தனை பிரதி எடுப்பது என்பவற்றிலும் கம்பெனியின் கைதான் ஓங்கியிருந்தது. இப்படியிருக்க, சங்கம் அமைக்கும் உரிமைச் சட்டத்தில் இவர்கள் தொழிலாளர்களே என்ற தொழில் உறவுச் சபையின் முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த வெற்றி மூன்று வருடம்தான் நிலைத்தது. 1947-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நிறைவேற்றியது. சுயாதீன ஒப்பந்தக்காரர் எவரும் தொழிலாளி ஆகமாட்டார் என்று அதில் எழுதிவிட்டார்கள். அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வீடுகளுக்குப் பத்திரிகை போடுகிறவர்களைக் குறைந்தபட்சச் சம்பளம், மேலதிக நேரச் சம்பளம், சிறுவர் தொழில் கட்டுப்பாடு ஆகிய மூன்றிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் வென்றதைச் சட்டசபையில் இழக்கலாம் என்பது அவர்கள் கண்ட முதல் பாடம்.

இரண்டாவது பாடம் ஒரு வெள்ளரிக்காய்த் தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் கவனித்துப் படிக்க வேண்டிய கதை இது.

கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு விவசாயக் கம்பெனி, அறுவடைக்கு வந்த குடும்பங்களிடம் அச்சடித்த ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கியது. அதன்படி அவர்கள் கூலிகள் அல்லர், "பங்கு விவசாயிகள்". ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம். குடும்பமே பராமரித்துப் பறிக்க வேண்டும். விற்ற பணத்தில் பாதி குடும்பத்துக்கு, பாதி கம்பெனிக்கு. தொழிலாளி இல்லை என்றபடியால் விபத்து நட்டஈட்டுக் காப்புறுதியும் இல்லை.

1989-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தின் பெயரைப் பொருட்படுத்தவில்லை. நிலம் கம்பெனியுடையது, நடுவதும் கம்பெனி, வாங்குபவரைத் தீர்மானிப்பதும் விலை பேசுவதும் கம்பெனி. குடும்பம் போட்ட ஒரே முதல் அதன் உழைப்பு. பறிக்கும்போது மேற்பார்வை குறைவாக இருந்ததற்குக் காரணம், வேலை எளிமையானது என்பதுதான். பங்கு என்று பெயர் வைத்துக் கொடுத்தாலும் அது கூலியே, அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பானது.

அந்த வெள்ளரிக்காய்த் தீர்ப்பின் அளவுகோல்தான் பின்னர் கலிபோர்னியாவின் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்களுக்கும் கைகொடுத்தது. ஒரு பத்திரிகைக் கம்பெனிக்காக வீடு வீடாகப் பத்திரிகை போட்டவர்கள், தங்களை ஒப்பந்தக்காரர் என்று பொய்யாக வகைப்படுத்தி மேலதிக நேரச் சம்பளம், ஓய்வு நேரம், வாகனச் செலவு எதுவும் தரவில்லை என்று எல்லோருக்குமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வேலை செய்தார்கள், ஆகவே ஒன்றாக விசாரிக்க முடியாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 2014-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் தொழிலாளர்களா என்பதை அன்று அது முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்று சொல்லிவிட்டது. கம்பெனி தன் அதிகாரத்தை யாரிடம் எவ்வளவு பாவித்தது என்பது முக்கியமல்ல. பாவிக்கும் உரிமை அதற்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. எல்லோரும் ஒரே அச்சு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அந்த உரிமையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இங்கும் முதலாளிமார் சும்மா இருக்கவில்லை. ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கம்பெனி மேல் சுமத்தும் புதிய சட்டம் கலிபோர்னியாவில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, பத்திரிகை விநியோகத்துக்கு ஒரு வருட விலக்கு வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்த விலக்கு மீண்டும் நீட்டிக்கப்பட்டது. பத்திரிகை விற்பனை விழுந்துவிட்டது, சம்பளம் கொடுத்தால் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். பத்திரிகைத் தொழிலின் கஷ்டம் உண்மைதான். ஆனால் அந்தக் கஷ்டத்தை விடியற்காலையில் பத்திரிகை போடுகிறவரின் தலையில் மட்டும் இறக்குவது எந்த நியாயம்? தேயிலை விலை விழும்போதெல்லாம் நாம் கேட்டுப் பழகிய பேச்சு இது.

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கைச் சட்டம் இந்த விடயத்தில் தொழிலாளியைக் கைவிடவில்லை. 1950-ஆம் ஆண்டின் தொழிற் பிணக்குகள் சட்டம், தொழிலாளி யார் என்பதை விரிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்வார்த்தையாகவும் இருக்கலாம். ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டவரும் அதற்குள் அடங்குவார். ஊழியர் சேமலாப நிதிக்கு ஒரேயொரு ஊழியரை வைத்திருப்பவரும் பணம் கட்ட வேண்டும். தற்காலிகம், துண்டு வேலை, கொமிஷன் என்பவை அதைத் தட்டிக்கழிக்கும் சாக்குகள் ஆகா. தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் 3 வீதம். தன் பங்கான 12 வீதத்தையோ 3 வீதத்தையோ ஊழியரின் சம்பளத்தில் வெட்ட அவருக்கு உரிமை கிடையாது. ஒரு முகவரிடம் தினமும் வேலை செய்து பத்திரிகை போடும் இளைஞரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். நகரத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. தொழிலாளி இல்லை என்று எழுதிய கடதாசியில் நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாம் தொழிலாளிதான் என்று நிரூபிக்க வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அதைத்தான் கம்பெனிகள் நம்பியிருக்கின்றன.

சில தோட்டங்களில் வருமானப் பங்கீட்டு முறை, வெளியார் உற்பத்தி முறை என்ற பெயர்களில் குடும்பங்களுக்கு மலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பராமரிப்பதும் கொழுந்து பறிப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்தைக் கம்பெனியின் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும். உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். "இனி நீங்கள் கூலி இல்லை, சின்ன முதலாளி" என்று பேசுகிறார்கள். வெள்ளரிக்காய்த் தோட்டத்துக் கடதாசியும் இதைத்தான் சொன்னது. செக்ரோலில் அரைப்பேர் விழுந்தால் சண்டை பிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். இந்த முறையில் பேரே இல்லாமல் போகலாம். பேர் இல்லையென்றால் சேமலாப நிதி, பிரசவச் சகாயம், விபத்து நட்டஈடு எல்லாவற்றையும் இழக்கும் ஆபத்து இருக்கிறது. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் பணிக்கொடையும் அந்தப் பட்டியலில் சேரும்.

நிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உறுதியோடு, நமது பெயரில், விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தோடு தரப்படும் நிலம் நமது நீண்டகாலக் கோரிக்கை. நிலம் கம்பெனியுடையது, விலை கம்பெனியுடையது, நட்டம் மட்டும் நம்முடையது என்றால் அதற்குப் பெயர் சுயதொழில் அல்ல.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். விலையை யார் தீர்மானிக்கிறார்? வேறொருவருக்கு விற்க நமக்கு அனுமதி உண்டா? எப்போது, எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்? நிறுத்திவிடும் அதிகாரம் யார் கையில்? இதற்கெல்லாம் பதில் "துரை", "கம்பெனி" என்று வந்தால், கடதாசியில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். தமிழில் பிரதி தராத எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வேண்டாம். முதலில் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள். சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்கு, கொழுந்து நிறுத்த சிட்டை எதையும் வீசிவிடாதீர்கள். முன்பே கையெழுத்துப் போட்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். பிரதியோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

ஒரே அச்சு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ஒன்றாக நிற்கலாம் என்பதைப் பத்திரிகை போடும் தொழிலாளர்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். தனித்தனிக் குடும்பமாக நம்மைப் பிரித்து எழுதினாலும், ஒரே மலைத் தொழிலாளராகச் சேர்ந்து பதில் சொல்வோம். தொழிலாளி யார் என்ற கேள்வி பாராளுமன்றத்துக்கு வரும் நாளிலும் அங்கே நமது குரல் கேட்க வேண்டும்.