எரிமலைக் கண்ணாடி: எடுக்கலாமா?

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் நியூபெரி என்றோர் எரிமலை உண்டு. அதன் அகன்ற வாய்க்குள் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வழிந்த லாவா, இன்று பளபளக்கும் கருங்கண்ணாடிப் பாறையாகக் கிடக்கிறது. இதுவே அப்சிடியன். சிலிகா மிகுந்த லாவா பாகுபோல் கெட்டியாக இருந்ததால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகுமுன் இறுகிவிட்டது. உடைத்தால் கத்திபோன்ற கூர்விளிம்பு கிடைக்கும். பழங்குடி மக்கள் இதில் அம்புமுனைகள் செய்தனர்.

காணச் செல்பவருக்கு ஒரு சில்லையாவது எடுத்துவர ஆசை எழும். "இத்தனை கல்லில் ஒன்று குறைந்தால் என்ன?" என்பீர்கள். அங்கே சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன்?

நீங்கள் குனிந்து எடுக்கும் சில்லு, அன்று யாரோ கருவி செய்தபோது தெறித்ததாக இருக்கலாம். ருபிடியம், ஸ்ட்ரான்சியம் போன்ற தனிமங்களின் அளவு எரிமலைக்கு எரிமலை வேறுபடும். அதை அளந்தால் கல் பிறந்த இடம் தெரியும். ஆனால் மனிதர் அதை எங்கே வைத்துச் செதுக்கினர், எவ்வளவு தூரம் சுமந்தனர் என்பதை அது கிடக்கும் இடமே சொல்லும். உங்கள் பைக்குள் போன கல்லுக்கு அந்தச் சாட்சி இல்லை.

கண்ணாரப் பாருங்கள், குறிப்பேட்டில் வரையுங்கள், கல் அங்கேயே கிடக்கட்டும்!